முதல் குழந்தைக்கு முன் எதை வாங்கி வைப்பது, எதை விடுவது?

நீங்கள் கேட்டது இது: சென்னையில் நீங்களும் கணவரும் மட்டும் இருக்கிறீர்கள். ஏழாம் மாதம் முடியப்போகிறது, நவம்பர் இரண்டாம் வாரம் தேதி கொடுத்திருக்கிறார்கள். பிரசவத்துக்கு ஊருக்குப் போகவில்லை, அம்மாதான் இங்கே வந்து தங்கப்போகிறார். தோழி ஒருத்தி அனுப்பிய பட்டியலில் எழுபது பொருட்களுக்கு மேல் இருக்கின்றன. மாமியாரோ பிள்ளை பிறக்கும் முன்னால் ஒரு துணிகூட வாங்கக் கூடாது என்கிறார். எதைத்தான் வாங்கி வைப்பது?

அந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் அடித்துவிடலாம். அதில் இல்லாத சிலவற்றைச் சேர்க்க வேண்டும். அவை பெரும்பாலும் உங்களுக்கும் உங்கள் அடுப்படிக்கும் உரியவை. நான் பிரசவ வார்டில் நெடுங்காலம் செவிலியராக இருந்தவள். வீட்டுக்குப் போன முதல் வாரத்தில் தாய்மார்கள் போன் செய்து கலங்குவார்கள். மரத்தொட்டில் வாங்கவில்லையே, பொம்மை வாங்கவில்லையே என்று ஒருத்தியும் கலங்கியதில்லை. துணி காயவில்லை, தையல் போட்ட இடம் வலிக்கிறது, பாயிலிருந்து எழ முடியவில்லை, அம்மாவுக்கே காய்ச்சல் வந்துவிட்டது சமைக்க ஆளில்லை, பால் போதவில்லை என்று வருகிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். இவைதான் திரும்பத் திரும்ப வரும். வாங்குவதை இவற்றை வைத்தே யோசியுங்கள்.

முதலில் மாமியார் சொன்னது. அதைத் தள்ளிவிட வேண்டாம். குழந்தை பிறந்து தங்குவதே நிச்சயமில்லாத காலத்தில் வாழ்ந்தவர்களிடமிருந்து வந்த பயம் அது. வாங்கி வைத்த துணியைப் பார்த்துப் பார்த்து அழுத வீடுகள் நிறைய இருந்தன. பல குடும்பங்களில் முதல் சில நாளுக்குப் பழைய துணியைத்தான் போடுவார்கள், புதுத்துணி தீட்டு கழித்த பிறகுதான். இதில் உங்களுக்கு நன்மையே இருக்கிறது. பலமுறை துவைத்த பருத்தி வேட்டியைப் போல மென்மையான துணியை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. மாமியாரிடமே கேட்டு மாமனாரின் பழைய வேட்டிகள் நான்கைந்தை வாங்கிக்கொள்ளுங்கள். சொந்தத்தில் ஒன்றிரண்டு வயதுப் பிள்ளை இருந்தால் அதன் சின்ன உடுப்புகளையும் கேளுங்கள். இப்படிச் சேர்ந்தவை போக, புதிதாக வாங்க வேண்டியதை எழுதி, எந்தக் கடை, என்ன அளவு என்று குறித்துக் கணவரிடம் கொடுத்துவிடுங்கள். பிறந்த அன்றே போய் வாங்கிவிடலாம். சென்னையில் அரை மணி நேர வேலை. பேறுகாலம் முழுக்க உங்களோடு இருக்கப்போகிறவர்களிடம் ஒரு கட்டு நாப்கினுக்காகச் சண்டை வேண்டாம். ஆனால் உங்களுக்கான பொருட்களையும் மளிகையையும் முன்கூட்டியே வாங்கி வைக்கத்தான் வேண்டும். அதற்கு எந்தச் சாத்திரமும் குறுக்கே நிற்காது.

சரி, துணிக்கு வருவோம். நவம்பர் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சென்னைக்கு வருடத்தில் மழை அதிகம் கொட்டும் மாதம் அதுதான். வெயில் காலத்தில் பிள்ளை பெற்றவர் சொல்லும் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. மே மாதத்தில் காலையில் துவைத்தது பத்து மணிக்கு மொறுமொறுவென்று காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு நாள் கொடியில் தொங்கினாலும் ஈரவாடை போகாது. பிறந்த குழந்தை ஒரு நாளில் பத்துப் பதினைந்து முறைகூட நனைக்கும். துணி நாப்கின் மட்டும் கட்டுவதாக இருந்தால் இரண்டு நாளைக்குத் தாங்குகிற மாதிரி முப்பதாவது வேண்டும். வேட்டியைக் கிழித்து ஓரம் அடித்துக்கொண்டால் செலவே இல்லை. முன்பக்கம் நாடா கட்டும் பருத்தி ஜப்லா பத்துப் பன்னிரண்டு போதும். தலை வழியாகப் போடும் சட்டை வேண்டாம். கழுத்து நிற்காத பிள்ளைக்கு அதை மாட்டுவதற்குள் தாய்க்கும் வியர்த்துவிடும், பிள்ளையும் கத்தித் தீர்த்துவிடும். சுற்றிப் படுக்க வைக்க மெல்லிய பருத்தித் துண்டு ஆறு, மழைக் குளிருக்குச் சற்றுத் தடிமனான துண்டு இரண்டு, காதை மூடும் பருத்தித் தொப்பி இரண்டு, காலுறை இரண்டு ஜோடி, படுக்கைக்கு அடியில் போட ரப்பர் ஷீட் இரண்டு. அவ்வளவுதான். கையுறை அவசியமில்லை. நகத்தை வெட்டிவிட்டால் போதும், குழந்தையின் கை வெளியே இருப்பதே நல்லது. சரிகை, வலை, ஜிகினா வைத்த உடுப்புகள் பெயர் சூட்டும் நாளைக்கு யாராவது கொண்டுவருவார்கள்.

எல்லாவற்றையும் குழந்தைக்குப் போடும் முன் ஒருமுறை துவைத்து, வெயில் இருக்கும் இந்த செப்டம்பரிலேயே நன்றாகக் காயவைத்து, சுத்தமான பையில் கட்டி வையுங்கள். அந்துருண்டை போடாதீர்கள். அதிலுள்ள நாப்தலீன், ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைபாடாக உள்ள குழந்தைகளுக்கு ரத்த அணுக்களைச் சிதைத்து மஞ்சள் காமாலையைக் கடுமையாக்கும். குறைபாடு இருக்கிறதா இல்லையா என்பது பிறக்கும் முன் தெரியாது. அப்புறம், வீட்டுக்குள் விரித்து வைக்கும் துணி ஸ்டாண்டு ஒன்று, கூடவே நல்ல இஸ்திரிப் பெட்டி. மழைக்கால பிரசவத்துக்கு இந்த இரண்டும் எந்தக் குழந்தைச் சாமானையும் விட முக்கியம். மின்விசிறிக்கு அடியில் அரைகுறையாகக் காய்ந்த துணியை இஸ்திரி போட்டு எடுத்தால் ஈரமும் போகும், வாடையும் போகும்.

டயப்பரைப் பொறுத்தவரை இரவுக்கும் வெளியே போகும்போதும் டயப்பர், பகலில் துணி என்று வைத்துக்கொள்வதுதான் மழைக்காலத்துக்கு நடைமுறைக்கு ஒத்துவரும். ஆனால் தள்ளுபடி விலை என்று பிறந்த குழந்தை அளவில் பெரிய பெட்டி வாங்கிக் குவிக்காதீர்கள். அந்த அளவு பெரும்பாலும் ஐந்து கிலோ வரைக்கும்தான். மூன்று கிலோவில் பிறக்கும் குழந்தை, முதல் வாரத்தில் சற்று இளைத்து, பிறகு நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் வரை ஏறும். இரண்டு மாதத்திலேயே அந்த அளவு இறுக்கமாகிவிடும். சில குழந்தைக்கு ஒரு கம்பெனியின் டயப்பர் ஒத்துக்கொள்ளாமல் தோல் சிவந்துவிடும். அதனால் சின்னப் பொட்டலம் ஒன்று மட்டும். துடைப்பதற்கு வெதுவெதுப்பான தண்ணீரும் பஞ்சும் போதும். ஈரத் துடைப்பான் வாங்கினால் வாசனை இல்லாததாகப் பாருங்கள். துணி கட்டுவதில் இன்னொரு வசதியும் உண்டு. எத்தனை முறை சிறுநீர் போகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். ஐந்தாம் நாளுக்கு மேல் ஒரு நாளில் ஆறு முறையாவது நன்றாக நனைக்கிறது என்றால் பால் போதுகிறது என்று அர்த்தம். முதல் சில நாள் இதை ஒரு தாளில் குறித்து வைப்பது பின்னால் எவ்வளவோ பயத்தைக் குறைக்கும்.

குளியல் சாமானுக்கு அதிகம் செலவழிக்காதீர்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குக் குளிப்பாட்டவே கூடாது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. உடல் சூடு குறைந்துவிடும். தொப்புள்கொடி விழும் வரை உடம்பைத் துடைத்து எடுத்தாலே போதும், தொப்புளில் எதையும் தடவாமல் உலர்வாக விட்டால் தானே விழுந்துவிடும். வாசனை இல்லாத மென்மையான சோப்பு ஒன்று, தேங்காய் எண்ணெய் ஒரு பாட்டில், நகவெட்டி ஒன்று. இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பவுடர் வேண்டாம், அந்தத் தூள் மூச்சோடு நுரையீரலுக்குள் போகும். கண்ணுக்குள் மை வேண்டாம், கடை மைகளில் ஈயம் இருக்கக் கூடும். திருஷ்டிக்கு வைத்தே ஆக வேண்டும் என்று அம்மா சொன்னால், கண்ணைத் தொடாமல் உள்ளங்காலில் ஒரு பொட்டு வைத்துக்கொள்ளட்டும். எண்ணெயை மூக்கிலும் காதிலும் விட வேண்டாம். சாம்பிராணிப் புகை காட்டுவதை நம் வீடுகளில் விடுவது கடினம் என்று தெரியும். ஆனால் பிறந்த குழந்தையின் நுரையீரலுக்கு அந்தப் புகை ஆகவே ஆகாது. மழைக்காலத்தில் கதவு சன்னல் சாத்திய அறையில் இன்னும் மோசம். தலைமுடி காயத்தானே புகை? மெல்லிய துண்டால் துடைத்தாலே காய்ந்துவிடும்.

நாட்டு மருந்துக் கடைப் பட்டியலும் வீட்டில் தயாராகும். வசம்பு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய் என்று உரைமருந்துச் சாமான், கிரைப் வாட்டர், தேன், சில ஊரில் கழுதைப்பால். இவற்றில் ஒன்றுகூடக் குழந்தையின் வாய்க்குள் போகக் கூடாது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூட வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் வளர்ந்து தசைகளைச் செயலிழக்க வைக்கும், அதனால் நாக்கில் தொட்டு வைக்கும் ஒரு சொட்டும் கூடாது. உரைமருந்து கொடுத்து மயங்கிப் போன குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த பாட்டிமார்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. அம்மாவும் மாமியாரும் இதை உங்கள் வாயால் கேட்டால் மனம் வருந்துவார்கள். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது அவர்களையும் அழைத்துப் போய் மருத்துவரையே சொல்ல வையுங்கள். குழந்தை பிறந்த பிறகு சொல்வதைவிட இப்போதே சொல்லிவிடுவது சுலபம்.

பால் விஷயம். பட்டியலில் பால் பவுடர் டின், நான்கு பால் புட்டி, புட்டி வேகவைக்கும் கருவி, பால் எடுக்கும் பம்ப் எல்லாம் இருக்கும். எதையும் இப்போது வாங்காதீர்கள். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. வீட்டில் டின் இருந்தால் மூன்றாம் நாள் இரவு அது திறக்கப்படும், அநேகமாக எல்லா வீட்டிலும். முதல் இரண்டு மூன்று நாள் வருவது கெட்டியான சீம்பால், ஒரு வேளைக்குச் சில மில்லிதான். பிறந்த குழந்தையின் வயிறும் அவ்வளவுதான் கொள்ளும். பால் பெருகி வரும் மூன்றாம் நான்காம் நாளுக்கு முன் குழந்தை அடிக்கடி சப்புவதும் இரவெல்லாம் அழுவதும் இயல்பு. அந்தச் சப்புதல்தான் பாலை வரவழைக்கிறது. அந்த நேரத்தில் புட்டிப் பாலைக் கொடுத்துத் தூங்க வைத்தால், மார்புக்குப் போக வேண்டிய சேதி போகாமல் நின்றுவிடும். எடை முதல் வாரத்தில் ஏழு முதல் பத்து சதவீதம் வரை குறைந்து, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்கு வந்துவிடும். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, வீட்டாரிடமும் சொல்லி வைப்பதுதான் பால் விஷயத்தில் நீங்கள் செய்து வைக்க வேண்டிய ஒரே சேமிப்பு. நம் நாட்டில் பால் பவுடரையும் புட்டியையும் விளம்பரம் செய்யவே 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட்டிருக்கிறது. காரணமில்லாமல் போடவில்லை.

பவுடர் பால் தேவைப்படும் குழந்தைகளும் இருக்கிறார்கள். எடை குறைவாகப் பிறந்தவை, சர்க்கரை இறங்கிப் போனவை, தாய்க்கு உடல்நிலை சரியில்லாதபோது பிறந்தவை. அப்போது மருத்துவர் எழுதிக் கொடுப்பார். சென்னையில் இரவு முழுக்கத் திறந்திருக்கும் மருந்துக் கடை எங்கே என்று தெரிந்து வைத்தால் போதும். அப்படிக் கொடுக்க நேர்ந்தாலும், பீய்ச்சிய தாய்ப்பாலைக் கொடுக்க நேர்ந்தாலும், புட்டிக்குப் பதில் எவர்சில்வர் பாலாடை ஒன்று வாங்கி வையுங்கள். நம் பாட்டிகள் சங்கு என்று வைத்திருந்த அதே சாமான்தான், இன்றைக்குப் பச்சிளங்குழந்தைப் பிரிவிலும் அதில்தான் புகட்டுகிறார்கள். மூலை முடுக்கில்லாததால் கழுவி வேகவைப்பது எளிது. பம்ப் தேவைப்பட்டால் பிறகு வாங்கலாம், வாடகைக்கும் கிடைக்கிறது.

படுக்கைக்கு விலை உயர்ந்த கட்டில் தேவையில்லை. கெட்டியான, சமமான மெத்தை, அதன்மேல் இறுக்கமாக விரித்த துணி, குடை போல விரியும் கொசுவலை ஒன்று. மழைக்காலம் டெங்குக் காலமும்கூட, அதனால் பகலிலும் வலை வேண்டும். எப்போதும் மல்லாக்கப் படுக்க வையுங்கள். தலை உருண்டையாக வர வேண்டும் என்று கடுகுத் தலையணை, கேழ்வரகுத் தலையணை தருவார்கள். வாங்கி எடுத்து வைத்துவிடுங்கள். குழந்தை தூங்கும் இடத்தில் தலையணை, பஞ்சுப் பொம்மை, கனமான போர்வை எதுவும் இருக்கக் கூடாது. சேலைத் தூளி கட்டுவதை முழுக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் முதல் மாதங்களில் கழுத்து வளைந்து முகவாய் நெஞ்சில் அழுந்தினால் மூச்சு தடைபடும். பகலில் யாராவது கண்ணெதிரே உட்கார்ந்திருக்கும்போது சற்று நேரம் ஆட்டலாம். இரவு முழுக்கத் தூளியில் விடாதீர்கள்.

இனி உங்களுக்கு. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் 2019–21 அறிக்கைப்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 45 சதவீதப் பிரசவங்கள் அறுவைச் சிகிச்சைதான், தனியார் மருத்துவமனையில் இன்னும் அதிகம். சுகப்பிரசவம் ஆகும் என்றே நம்புங்கள். ஆனால் இரண்டுக்கும் சேர்த்து வீட்டைத் தயார் செய்யுங்கள். தரையில் பாய் போட்டுப் படுத்து எழுவது வயிற்றுத் தையலோடு பெரும் வேதனை. முழங்கால் உயரத்துக்கு ஒரு கட்டில் வேண்டும். வீட்டில் இந்தியக் கழிப்பறை மட்டும் இருந்தால் மருத்துவ உபகரணக் கடையில் கமோடு நாற்காலி ஒன்றை வாடகைக்குப் பேசி வையுங்கள். முதுகும் கையும் சாய்த்துப் பால் கொடுக்கக் கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்றும் இரண்டு தலையணையும்.

உதிரப்போக்கு நான்கு முதல் ஆறு வாரம் வரை இருக்கும், முதல் நாட்களில் மாதவிலக்கைவிட அதிகமாக. பிரசவத்துக்கென்று விற்கும் பெரிய பேடு இரண்டு பொட்டலம், பிறகு வழக்கமான பெரிய அளவு நான்கைந்து பொட்டலம். தையல் மேல் அழுத்தாமல் இடுப்புக்கு மேலே ஏறும் பருத்தி உள்ளாடை எட்டு. முன்பக்கம் திறக்கும் அடர்நிற நைட்டி ஆறு. இதிலும் மழையைக் கணக்கில் எடுங்கள். பால் கொடுக்கும் உள்ளாடை இப்போதைய அளவைவிடப் பெரியதாக இரண்டு மட்டும், மற்றதைப் பால் சுரந்த பிறகு அளவு பார்த்து வாங்கலாம். பெரிய எவர்சில்வர் பிளாஸ்க் ஒன்று, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று. பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு பெருக்கும், தையல் சீழ் பிடிக்கும் என்று இன்னமும் அளந்து கொடுக்கிறார்கள். தவறு. தாகம் எடுக்கும்போதெல்லாம் குடியுங்கள். மலச்சிக்கல், சிறுநீர் எரிச்சல் இரண்டுக்கும் முதல் மருந்து அதுதான்.

அடுப்படியில்தான் முன்கூட்டியே வாங்கி வைப்பதன் பலன் முழுசாகத் தெரியும். உங்கள் அம்மா ஒருவரே குழந்தையையும் பார்த்து, பத்தியமும் சமைத்து, வருகிறவர்களுக்குக் காப்பியும் போட்டால் இரண்டு வாரத்தில் அவர் படுத்துவிடுவார். அக்டோபர் கடைசிக்குள் இரண்டு மாதத்துக்கான அரிசி, பருப்பு, எண்ணெய், மசாலாத் தூளை வாங்கி அடுக்குங்கள். இரண்டாவது கேஸ் சிலிண்டர் நிரம்பியிருக்கட்டும். சுக்கு, மிளகு, சீரகம், ஓமம், பெருங்காயம், பனங்கற்கண்டு, நல்லெண்ணெய், மலைப்பூண்டு வேண்டிய அளவு. கறிவேப்பிலைப் பொடி, பருப்புப் பொடி, பூண்டுப் பொடி, உங்கள் வீட்டு வழக்கமென்றால் அங்காயப் பொடி எல்லாம் இப்போதே இடித்து ஈரம் படாமல் டப்பாவில் வைத்தால், சூடான சாதமும் நெய்யும் போதும், ஒரு வேளை ஓடிவிடும். அசைவம் சாப்பிடுகிறவர்கள் என்றால் பால் சுறாக் கருவாட்டையும் நெத்திலிக் கருவாட்டையும் வெயில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். மழையில் கருவாடு பூஞ்சை பிடிக்கும். பச்சைச் சுறா கிடைக்கும் நாளில் புட்டு. பிரசவ லேகியம் ஒரு சின்ன டப்பா, உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு.

இவையெல்லாம் வாய்க்கு ருசியும் உடம்புக்குத் தெம்பும் தரும். பால் பெருகுவது குழந்தை சப்புவதாலும் நீங்கள் வயிறாரச் சாப்பிடுவதாலும் ஓய்வெடுப்பதாலும்தான். காய், பழம், முட்டை, கீரை எல்லாவற்றையும் பத்தியம் என்று நிறுத்திவிட்டு வெறும் ரசமும் சாதமும் கொடுத்தால் உங்கள் ரத்தம்தான் குறையும். கணவர் நான்கு சமையலாவது இப்போதே பழகிக்கொள்ளட்டும்: பருப்பு ரசம், பூண்டுக் குழம்பு, முட்டை, ஏதாவது ஒரு கீரை மசியல். பாத்திரம் தேய்க்க ஆள் இல்லையென்றால் இரண்டு மாதத்துக்காவது ஒருவரைப் பேசி வையுங்கள். தள்ளுவண்டி வாங்க வைத்திருக்கும் பணத்தை இதற்குச் செலவழியுங்கள்.

மழையைப் பற்றி இன்னும் ஒன்று. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் சென்னையில் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். மின்சாரம் இல்லை, பால் பாக்கெட் இல்லை, தெருவில் இடுப்பளவு தண்ணீர். உங்கள் தெருவில் தண்ணீர் நிற்குமா, மருத்துவமனைக்குப் போகும் வழியில் சுரங்கப்பாதை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மாற்றுவழி ஒன்றைக் கணவர் ஒருமுறை ஓட்டிப் பார்த்து வைக்கட்டும். புயல் அறிவிப்பு வந்து, நீங்களும் தேதியை நெருங்கியிருந்தால், வலி வரும்வரை காத்திருக்காதீர்கள். மருத்துவரிடம் பேசி முன்னதாகவே சேர்ந்துவிடலாம், அல்லது மருத்துவமனைக்குப் பக்கத்தில் உறவினர் வீட்டில் தங்கலாம். வீட்டில் சார்ஜ் செய்யும் விளக்கு இரண்டு, பவர் பேங்க், கேன் தண்ணீர் நான்கு, வீட்டுக் காப்பிக்குப் பால் பவுடர், ஒரு வாரத்துக்கு டயப்பர், கையில் பணம். ஏடிஎம்மும் போன் சிக்னலும் ஒன்றாகப் போகும் நாள் வரும். ஆம்புலன்சுக்கு 108. அரசு மருத்துவமனையில் பிரசவமானால் தாயையும் குழந்தையையும் வீட்டில் கொண்டுவந்து விட 102 வண்டி இலவசம்.

அரசு மருத்துவமனையா தனியாரா என்று நீங்கள் சொல்லவில்லை. அரசு மருத்துவமனை என்றால் வாங்கும் முன் அங்கே கேளுங்கள். 2015-ல் தொடங்கிய குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தில் துண்டு, உடை, படுக்கை, கொசுவலை, நாப்கின், எண்ணெய், சோப்பு, நகவெட்டி, தாய்க்கு சௌபாக்கிய சுண்டி லேகியம் என்று 16 பொருட்கள். கிடைப்பதை மறுபடி வாங்க வேண்டியதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக மொத்தம் 18,000 ரூபாய் மதிப்பில் உண்டு. பதிவு செய்திருக்கிறீர்களா என்று பகுதிச் செவிலியரிடம் கேளுங்கள். எந்த மருத்துவமனையானாலும் பிக்மி எண், அதாவது கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்யும்போது தரும் எண், வேண்டும். பிறப்புப் பதிவின்போது அதைக் கேட்பார்கள்.

மருத்துவமனைப் பையை 36-ஆம் வாரத்தில் கட்டி வாசலருகே வைத்துவிடுங்கள். பிளாஸ்டிக் உறைக்குள் தாய் சேய் நல அட்டை, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை முடிவுகள், இருவர் ஆதார் நகல், காப்பீட்டு அட்டை. உங்கள் ரத்தம் நெகட்டிவ் வகை என்றால், குழந்தை பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட வேண்டும். அது அங்கே இருப்பில் உண்டா என்று இப்போதே கேளுங்கள். உங்களுக்கு நைட்டி மூன்று, உள்ளாடை, பேடு, செருப்பு, துண்டு, டம்ளர், பிளாஸ்க். குழந்தைக்கு ஜப்லா நான்கு, நாப்கின் பன்னிரண்டு, தொப்பி, துண்டு. இவற்றோடு துவைத்து வெயிலில் காயவைத்த பெரிய பருத்தித் துணி இரண்டைத் தனியாக ஒரு கவரில் போட்டு மேலாக வையுங்கள். பிரசவ அறையில் முதலில் கேட்பது அதைத்தான். ஒன்றால் ஈரத்தை ஒற்றி எடுத்து அதை அப்புறப்படுத்துவோம், மற்றதில் சுற்றுவோம். துணைக்கு வருபவருக்குப் பாய், போர்வை, நீள ஒயர் வைத்த சார்ஜர். அரசு வார்டு என்றால் பக்கெட்டும் மக்கும்கூட.

மருந்துப் பெட்டியில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் கட்டாயம். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் போனால் வீட்டில் மருந்து கொடுத்துப் பார்க்கக் கூடாது, உடனே மருத்துவமனை. அதனால் பாராசிட்டமால் சொட்டு மருந்தை வாங்கி வைக்க வேண்டியதே இல்லை. சொட்டு மருந்தும் சிரப்பும் வேறு வேறு அடர்த்தி, நடு இரவில் மாற்றி ஊற்றிவிடும் ஆபத்தும் உண்டு. வைட்டமின் டி நாளொன்றுக்கு 400 அலகு கொடுக்கச் சொல்வார்கள். அதிலும் பாட்டிலுக்குப் பாட்டில் அடர்த்தி மாறும், எழுதிக் கொடுத்த மருந்தையே வாங்கி எத்தனை மில்லி என்று மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள். பால் குடிக்காமல் துவண்டிருப்பது, நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு வாங்குவது, உடம்பு சில்லென்று இருப்பது, மஞ்சள் நிறம் முதல் நாளே தெரிவது அல்லது உள்ளங்கை உள்ளங்கால் வரை பரவுவது, இவற்றுக்கும் காத்திருக்காதீர்கள். காலை வெயிலில் காட்டினால் மஞ்சள் இறங்கிவிடும் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். உங்களுக்கு ஒரு மணி நேரத்தில் ஒன்றிரண்டு பேடு முழுக்க நனைந்தாலோ, காய்ச்சலோ, தாங்க முடியாத தலைவலியோ வந்தாலோ அதே வேகத்தில் கிளம்புங்கள்.

பிறந்த பிறகு தேதி தவறக் கூடாதவை சில. ஹெபடைடிஸ் பி முதல் ஊசி 24 மணி நேரத்துக்குள். பிசிஜி, போலியோ சொட்டு மருந்து வீட்டுக்குக் கிளம்பும் முன். அடுத்த தடுப்பூசி ஆறாவது வாரம். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், கட்டணம் கிடையாது. பெயர் முடிவாகவில்லை என்று பதிவைத் தள்ளிப் போடாதீர்கள், பெயரைப் பிறகு சேர்க்கலாம். இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் நீங்கள் சாப்பிட வேண்டும், அந்தப் பொட்டலத்தைத் தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.